கூரையைப் பார்க்க வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் வளர்ந்தது நகராட்சித் தூய்மைப் பணியாளர் குடியிருப்பில். அப்பா துப்புரவுப் பணியாளர். ஒருநாள் சோறு வடித்துக்கொண்டிருந்த அம்மாவின் தோளில் கூரைக் காரை பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்துக் கிடந்தது. மனு கொடுத்து நான்கு மாதம் கழித்து ஓர் அதிகாரி வந்தார். சுவரைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. “எத்தனை பேர் இருக்கீங்க? துணிய எங்க காயப்போடுறீங்க? வீட்டுக்குள்ள தண்ணிய ஊத்தி ஊத்திக் கழுவுறீங்களா?” என்று கேட்டார். ஊரையே சுத்தம் செய்கிற மனிதரிடம் சுத்தம் பற்றிப் பாடம் எடுத்துவிட்டுப் போனார். கூரை அப்படியேதான் இருந்தது.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த அவமானம் என்றுதான் பல காலம் நினைத்திருந்தேன். ஆய்வுக்காகப் படிக்கும்போது அவாப் இஷாக் என்ற குழந்தையைப் பற்றித் தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், சூடானிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தவன். சமூக வீட்டுவசதி நிறுவனம் ஒன்றின் வீட்டில் குடியிருந்தார்கள். சுவரெல்லாம் பூஞ்சை. 2017-லேயே தந்தை புகார் சொன்னார். மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர்கள் குளிக்கும் முறையும் வாழும் முறையும்தான் காரணம் என்று நிறுவனம் ஊகித்துக்கொண்டது. 2020 டிசம்பரில் இரண்டு வயதில் அவாப் இறந்தான். பூஞ்சையைத் தொடர்ந்து சுவாசித்ததால் வந்த நோயே காரணம் என்று 2022-இல் மரண விசாரணை அதிகாரி தீர்மானித்தார். அந்த ஊகம் தவறு என்று நிறுவனமும் ஒப்புக்கொண்டது.

அங்கே நிறமும் குடியேற்றமும். இங்கே சாதி. வீடு கெட்டுப்போனால் கட்டியவனையும் பராமரிக்காதவனையும் விட்டுவிட்டு, குடியிருப்பவரின் பழக்கத்தைக் கேள்வி கேட்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ‘அவங்க இருந்தா அப்படித்தான் இருக்கும்’ என்ற சொல்லை நம்மில் கேட்காதவர் யார்?

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இங்கிலாந்தின் 2004 வீட்டுவசதிச் சட்டப்படி, ஒரு வீட்டில் முதல்வகை ஆபத்து இருப்பதாக உள்ளாட்சி கண்டறிந்தால் அது நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். அவாப் பெயரால் வந்த விதிகள் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. சமூக வீடுகளில் அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்கின்றன. சட்டம் இருந்தும் அவாப் செத்தான் என்பதை மறக்கவில்லை. ஆனால் அவன் பெற்றோர் போராடுவதற்கு ஒரு ‘வேண்டும்’ இருந்தது.

நம்மிடம் இருப்பது ‘லாம்’. 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, மனிதர் வாழத் தகுதியற்ற கட்டடங்கள் உள்ள பகுதியைக் குடிசைப் பகுதி என்று அரசு அறிவிக்கலாம் என்கிறது. அறிவித்தால்தான் மேம்பாடும் சட்டப் பாதுகாப்பும். சென்னையில் 1971-இல் 1,202 பகுதிகளை அறிவித்தார்கள். 1985-இல் மேலும் 17. பிறகு பல பத்தாண்டுகளுக்கு ஒன்றுகூட இல்லை. நகரில் தகுதியற்ற வீடுகள் அத்தோடு தீர்ந்துபோய்விட்டனவா? அறிவிக்கப்படாத மக்கள் ஆக்கிரமிப்பாளர் ஆனார்கள். கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றப்பட்டார்கள். ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய வரைபடத்தை மாநகரம் புதிதாக வரைந்துகொண்டது.

மாற்றாகக் கட்டிய வீடுகளாவது உறுதியானவையா? 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில், புத்தம்புதுக் குடியிருப்பின் பூச்சு கைபட்டாலே உதிர்ந்தது. அதன் பிறகுதான் ஐஐடி வல்லுநர்கள் ஆய்வுக்கு வந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 27-இல் திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பின் 24 வீடுகள் இடிந்து விழுந்தன. ஓர் உயிரும் போகவில்லை. விரிசலைக் கவனித்து மக்கள் முன்பே வெளியேறியிருந்தார்கள். அன்று அந்தக் கட்டடத்தைச் சரியாக ஆய்வு செய்தவர்கள் அங்கே குடியிருந்தவர்கள்தான்.

அதனால் மூன்று கோரிக்கைகள். ஒன்று, பொதுக் குடியிருப்புகளைக் குறித்த காலத்தில் ஆய்வு செய்து, அறிக்கையைத் தமிழில் அந்தக் கட்டடத்தின் வாசலிலேயே ஒட்ட வேண்டும். இரண்டு, ஆய்வுக் குழுவில் குடியிருப்போர், குறிப்பாகப் பெண்கள், இடம்பெற வேண்டும். எந்தச் சுவர் எந்த மழையில் கசிந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மூன்று, ‘வாழத் தகுதியற்றது’ என்ற சொல் மக்களை வெளியேற்றும் ஆணையாக மாறக் கூடாது. பழுதுபார்க்க முடிந்ததைப் பழுதுபார்க்க வேண்டும். இடித்தே ஆக வேண்டுமென்றால் அதே இடத்தில் கட்டித் தர வேண்டும்.

நீங்கள் படித்தவர்கள். உங்கள் பகுதியில் காரை பெயர்ந்த வீடு இருந்தால் படம் எடுங்கள், தேதி போட்டு மனு எழுதுங்கள், ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் ஆய்வு அறிக்கையைக் கேளுங்கள். அதிகாரி வந்து “எத்தனை பேர் இருக்கீங்க?” என்று கேட்டால், “முதலில் கூரையைப் பாருங்க சார்” என்று சொல்லுங்கள். எங்கள் அம்மாவுக்கு அன்று அதைச் சொல்லித் தர ஆள் இல்லை.

ஜெய்பீம்.