பின்சக்கரம் நேராக நிற்கிறதா?

சென்ற உரையில் டயரின் காற்றழுத்தத்தைப் பற்றிப் பார்த்தோம். இன்று அந்தப் பின்சக்கரத்தை விட்டு அதிக தூரம் போகப் போவதில்லை. அதைச் சுழற்றும் சங்கிலியும் அதுவும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்ப்போம்.

நம் நாட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே கண்முன் வருவது கப்சாய்தான். 1958-ஆம் ஆண்டு ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் வெளியிட்ட கப் என்னும் சிறிய வண்டியின் பெயரோடு, சிறியது என்று பொருள்படும் சீனச் சொல்லும் ஒட்டிப் பிறந்த பெயர் அது. பால்மரக் காட்டுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் நம்மைச் சுமந்து போனது அந்த வண்டி. பெரும்பாலான வீடுகளில் அதன் சங்கிலியை இறுக்கத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். குறை அங்கேதான் தொடங்குகிறது.

சங்கிலி தொய்ந்தால் மேடுபள்ளத்தில் உறையில் அடித்துக் கடகடவென்று சத்தம் கொடுக்கும். உடனே ஸ்பேனரை எடுத்து, பின்சக்கரத்தைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து இறுக்கிவிடுகிறோம். சத்தம் நின்றுவிடும். சக்கரம் பின்னுக்கு வந்தபோது இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவாக வந்தனவா என்று பார்ப்பவர் குறைவு.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அச்சின் இரு முனைகளிலும் உள்ள சரிக்கட்டும் திருகுகளுக்கு இடையே 20 சென்டிமீட்டர் தூரம் இருப்பதாகக் கொள்வோம். ஒரு பக்கம் மட்டும் 2 மில்லிமீட்டர் கூடுதலாகப் பின்னே போய்விட்டது. 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் இடையே அது 5 மில்லிமீட்டர் கோணலாகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத கோணல்தான். ஆனால் சங்கிலி அதை உணரும். பற்சக்கரத்தின் பற்களை நேராகக் கவ்வாமல் ஒரு பக்கமாகவே உரசிக்கொண்டு ஓடும். பற்களின் ஒரு முகம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் இதுதான் காரணம் என்று ஐயப்படலாம். ஓட்டுகிறவரும், கைப்பிடியை ஒரு பக்கமாக இலேசாகப் பிடித்தபடியே இருப்பது தெரியாமல் பழகிப்போவார்.

தேய்மானத்தோடு போனால் நட்டம் பணம் மட்டும்தான். பற்களும் தேய்ந்து, சங்கிலியும் தொய்ந்து, கோணலும் சேர்ந்துகொண்டால் சங்கிலி பல் மீது ஏறிக் கழன்றுவிடக்கூடும். கழன்றது இடுக்கில் சிக்கிக்கொண்டால் சக்கரம் சுற்றாமல் இறுகிப்போகும். பின்னால் மனைவியும் நடுவில் பிள்ளையும் உட்கார்ந்திருக்க, ஒரு லாரி பின்தொடர்ந்து வரும் சாலையில் அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

பின்சக்கரத்தைத் தாங்கும் இரு கைகளிலும் சிறு கோடுகள் வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரு பக்கமும் ஒரே கோட்டில் வைத்தால் நேராகிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. முதல் மதிப்பீட்டுக்கு அவை போதும். முடிவான தீர்ப்பை அவற்றிடம் விட வேண்டாம் என்பதே நம் கருத்து. ஒருமுறை விழுந்து எழுந்த வண்டியில் அந்தக் கை சற்றே வளைந்திருந்தாலும் கோடுகள் பொய் சொல்லும்.

கோடுகளைவிட நம்பத்தக்கது நூல். தூண்டில் நரம்பு இன்னும் நல்லது. வண்டியை ஒருவர் நேராகப் பிடித்துக்கொள்ளட்டும். நடு ஸ்டாண்டில் நிறுத்தினால் அதன் கால்கள் நூலைத் தடுக்கும். பின் டயரின் பின்புறத்தில் நூலைச் சுற்றி, அதன் இரு முனைகளையும் இரு பக்கமாக முன்சக்கரத்துக்கு அப்பால் கொண்டுபோய் இழுத்துப் பிடியுங்கள். நூல் எதிலும் இடிக்காத உயரத்தில் இருக்க வேண்டும். பின் டயரின் முன் விளிம்பையும் அது மெல்லத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். இப்போது கைப்பிடியை நேராக வைத்து, முன் டயருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் பாருங்கள். முன் டயர் 2.25 அங்குலமும் பின் டயர் 2.50 அங்குலமுமாக உள்ள வண்டியில் பக்கத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். இரண்டும் சமமானால் சக்கரம் நேர். இடப்பக்க இடைவெளி அதிகமானால், அச்சின் இடப்பக்க முனை அளவுக்கு மேல் பின்னே போயிருக்கிறது என்று பொருள்.

சரிசெய்யும்போது இஞ்சின் நின்றிருக்க வேண்டும். வண்டி நடு ஸ்டாண்டில், கியர் இல்லாத நிலையில் இருக்க வேண்டும். இஞ்சினை ஓடவிட்டு, சுழலும் சங்கிலியைத் துணியால் துடைத்து விரலை இழப்பவர்கள் உண்டு. அச்சின் நட்டைத் தளர்த்துங்கள். கப் வகை வண்டிகளில் பற்சக்கரப் பக்கம் பெரிய நட்டு ஒன்று தனியாக உண்டு. அதையும் தளர்த்தாமல் திருகை முறுக்கினால் அந்தப் பக்கம் அசையாது, திருகுதான் கெடும். பிறகு திருகு நட்டுகளை அறுகோணத்தின் ஒவ்வொரு முகமாக எண்ணி, இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் திருப்ப வேண்டும். 6 மில்லிமீட்டர் திருகு என்றால் ஒரு முழுச் சுற்றுக்குச் சக்கரம் 1 மில்லிமீட்டர் நகரும்.

தொய்வு எவ்வளவு இருக்கலாம்? வண்டியின் கையேட்டில் உள்ள அளவே சரி. சிறிய வண்டிகளில் அது பெரும்பாலும் 2 முதல் 4 சென்டிமீட்டருக்குள் அடங்கும். சங்கிலி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. ஆகையால் சக்கரத்தைக் கையால் சுற்றி, மிக இறுக்கமான இடத்தைக் கண்டு அங்கே அளக்க வேண்டும். மிகவும் இறுக்கிவிட்டால் தாங்கிகள் சீக்கிரம் கெட்டுவிடும்.

நட்டுகளை இறுக்கிய பின் நூலை மீண்டும் பிடித்துப் பாருங்கள். இறுக்கும்போதே அச்சு நகர்ந்துவிடுவது உண்டு. பிளவு ஆணி இருந்த இடத்தில் புதிய ஆணி போட வேண்டும். டிரம் பிரேக் உள்ள வண்டியில் சக்கரம் பின்னே போனதும் பிரேக் தானாக இறுகும். மிதியின் தளர்வைச் சரிபார்த்து, சக்கரம் தடையின்றிச் சுற்றுகிறதா என்று பாருங்கள். பின்விளக்கு எரியும் நேரத்தையும் கவனிக்க வேண்டும்.

சங்கிலிக்குப் பதில் பல்வார் உள்ள வண்டிகளும் உண்டு. அமெரிக்காவின் ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் 1980-இல் வெளியிட்ட ஸ்டர்ஜிஸ் வண்டியில் பின்சக்கரத்தைச் சுழற்றியது வார்தான். வாருக்கு எண்ணெய் வேண்டாம். ஆனால் கோணலைச் சங்கிலியைவிடக் குறைவாகவே பொறுத்துக்கொள்ளும். சக்கரம் கோணலாக நின்றால் அது ஒரு பக்கமாக நகர்ந்து, உருளையின் விளிம்பில் உரசிக் கீச்சிடும், ஓரம் பிரிந்துபோகும். அதை மடக்கவோ முறுக்கவோ கூடாது. ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுக் கவலைப்பட வேண்டாம். அதன் வார் மூடிய பெட்டிக்குள் ஓடுகிறது. சக்கரத்தை நகர்த்தி அதைச் சரிக்கட்டுவதில்லை.

கை வளைந்திருந்தாலும், பற்கள் கொக்கிபோல் வளைந்து தேய்ந்திருந்தாலும் திருகால் பயனில்லை. அப்போது பட்டறைக்குப் போய், இரு பற்சக்கரங்களையும் சங்கிலியையும் ஒன்றாகவே மாற்றச் சொல்லுங்கள். பழைய பல்லில் புதிய சங்கிலி நீடிக்காது.