குஞ்சு விடும் முன்னால் விராலைத் தேடுங்கள்



“குட்டையில் ஆயிரம் கெண்டைக் குஞ்சு விட்டேன், பிடிக்கும்போது நூறுகூடத் தேறலைங்க” என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. குஞ்சு விற்றவரைத் திட்டுவதற்கு முன்னால், உங்கள் குட்டையில் விரால் இருக்கிறதா என்று பாருங்கள்.

“கோடையில் குட்டை வத்திப்போச்சே, விரால் எங்கேயிருந்து வரும்?” என்று கேட்பீங்க. வற்றியது தண்ணீர்தான். சேற்றில் ஈரம் இருந்தால் விராலுக்கு அது போதும். செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்க அதற்குத் தனி அறை உண்டு. சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்துக் கிடக்கும். மழை பெய்தால் ஈரத் தரையில் ஊர்ந்தே அடுத்த குட்டைக்குப் போய்விடும். வேடிக்கையைக் கேளுங்கள்: மேலே வந்து காற்றுக் குடிக்க விடாமல் தடுத்தால், இந்த மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். அதனால் கரையில் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள். ‘குபுக்’கென்று ஒரு தலை எழும்பி மறைந்தால் விராலாக இருக்கலாம்.

இது விரட்டிப் பிடிக்கிற மீன் அல்ல. செடி மறைவில் அசையாமல் நிற்கும்; இரை கிட்டே வந்ததும் ஒரே பாய்ச்சல். தவளையையே விழுங்குகிற வாய்க்கு விரல் நீளக் கெண்டைக் குஞ்சு எம்மாத்திரம்?

வலையை மட்டும் நம்பாதீங்க. சேற்றில் பதுங்கியது வலைக்கு வராது. தரை வெடிக்கும்வரை குட்டையைக் காயவிடுவதே நல்லது. காயவைக்க முடியாவிட்டால் இலுப்பைப் புண்ணாக்கு இருக்கிறது. 25 சென்ட் குட்டையில் ஒரு மீட்டர் தண்ணீருக்கு 250 கிலோ வேண்டும். ஊறவைத்துக் கரைத்து, குட்டை முழுக்கத் தெளியுங்கள். அந்தத் தண்ணீர் அடுத்தவர் குளத்துக்குப் போகக் கூடாது. விஷம் தீர மூன்று வாரம் ஆகும். அதற்குப் பிறகுதான் குஞ்சு விட வேண்டும். தண்ணீர் வரும் மடைக்குக் கம்பிவலை கட்டுங்கள். இல்லாவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

இதற்காக விராலைப் பகையாளியாக நினைக்க வேண்டாம். சந்தையில் அதற்கு நல்ல விலை. மழைக்காலத்தில் ஏரியோரம், செடிகளுக்கு நடுவே, நீர்மட்டத்தில் செக்கச்செவேலென்று ஒரு கூட்டம் நகர்வதைப் பார்த்திருப்பீங்க. அவை விரால் குஞ்சுகள். அடியிலே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தச் சமயத்தில் தூண்டில் போட்டுப் பெரிய மீனைத் தூக்கினால், குஞ்சு அத்தனையும் மற்ற மீனுக்கு இரை. ஒரு வேளைக் குழம்புக்கு ஒரு கூட்டமே போய்விடும். விராலைத் தனிக் குட்டையில் வளர்க்க விரும்புகிறவர்கள் ஒரே அளவுக் குஞ்சுகளாகப் பிரித்து விடுங்கள். சேர்த்து விட்டால் பெரிசு சின்னதைத் தின்றுவிடும்.