அரிப்புக்கு டியூப் மருந்து: தெரிந்து போடுவோம்

பல வீடுகளில் நடக்கும் ஒரு விஷயத்தை முதலில் சொல்கிறேன். வீட்டுக்காரர் நாள் முழுக்க வயலில் நிற்கிறார். வேர்வையில் நனைந்த துணி. தொடை இடுக்கில் அரிப்பு. யாரிடமும் சொல்ல வெட்கம். மருந்துக் கடைக்குப் போய், "அரிப்புக்கு ஏதாவது கொடுங்க" என்கிறார். ஒரு டியூப் கிடைக்கிறது. ரெண்டே நாளில் அரிப்பு அடங்குகிறது. "ஆகா, நல்ல மருந்து!" என்று நிறுத்துகிறார். பத்து நாளில் அரிப்பு திரும்பி வருகிறது, முன்னைவிட அகலமாக. அதற்குள் மனைவிக்கும் வந்துவிடுகிறது. அவரும் வெளியே சொல்லாமல் அதே டியூபை எடுத்துப் போட்டுக்கொள்கிறார்.

ஏன் இப்படி? அந்த டியூபில் பெரும்பாலும் ஸ்டீராய்டு என்ற மருந்து கலந்திருக்கும். அது தோலின் சிவப்பையும் வீக்கத்தையும் அரிப்பையும் அடக்கும். ஆனால் படர்தாமரை பூஞ்சைக் கிருமியால் வருவது. ஸ்டீராய்டு அந்தக் கிருமியைக் கொல்லாது. கிருமியை எதிர்க்கும் உடம்பின் சக்தியைத்தான் குறைக்கும். காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டால் திருடனுக்குக் கொண்டாட்டம்தானே! நோய் வெளியே தெரியாமல் பரவும். பிறகு குணமாக்குவதும் கடினம்.

அப்படியானால் இது கெட்ட மருந்தா? இல்லைங்க. கரப்பான், செதில் உதிரும் சொரியாசிஸ், ஒவ்வாமைத் தடிப்பு ஆகியவற்றுக்கு இது நல்ல மருந்து. கரப்பான் வந்த குழந்தை இரவெல்லாம் சொறிந்து அழும்போது, டாக்டர் கொடுத்த களிம்பைப் பயந்து போடாமல் இருப்பதும் தவறுதான். நோய் எது என்று தெரிந்து போட வேண்டும். அவ்வளவுதான்.

எவ்வளவு போடுவது? பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கோடு வரை களிம்பைப் பிதுக்குங்கள். அது சுமார் அரை கிராம். விரல்களையும் சேர்த்து இரண்டு கை பரப்புள்ள இடத்துக்கு அது போதும். டாக்டர் சொன்னபடி, நாளுக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ, நோயுள்ள இடத்தில் மட்டும் மெல்லியதாகத் தடவுங்கள். சொன்ன நாளுக்கு மேல் நீட்டாதீர்கள். கரப்பான் உள்ளவர்கள் தோலை வறள விடக் கூடாது.

களிம்புகள் எல்லாம் ஒரே வீரியம் அல்ல. ஹைட்ரோகார்ட்டிசோன் மென்மையானது. பீட்டாமெத்தசோன் அதைவிட வலுவானது. குளோபெட்டாசால் மிக மிக வலுவானது. அப்பாவுக்குக் காலில் போடக் கொடுத்ததைக் குழந்தையின் கன்னத்தில் தடவலாமா? குழந்தையின் தோல் மெல்லியது. மருந்து உள்ளே இறங்கி உடம்பையே பாதிக்கலாம்.

இளம் பெண்களுக்கு ஒரு வார்த்தை. "முகம் சிவப்பாகும்" என்று யார் சொன்னாலும் இதை முகத்தில் பூசாதீர்கள். தோல் மெலியும், பரு கிளம்பும், முடி முளைக்கும். நிறுத்தினால் முகம் எரியும். கண்ணைச் சுற்றி நெடுநாள் பூசினால் பார்வைக்கும் கேடு வரலாம். ஏற்கெனவே பல மாதம் பூசியவர்கள் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தாலும், பால் கொடுத்தாலும் அதையும் சொல்லுங்கள்.

2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. ஆகவே சீட்டு இல்லாமல் கேட்காதீர்கள்.

படர்தாமரை என்றால் அதற்குத் தனி மருந்து உண்டு. அரிப்பு நின்றதும் நிறுத்தாமல், சொன்ன நாள் முழுக்கப் போட வேண்டும். வீட்டில் யார் யாருக்கு இருக்கிறதோ அத்தனை பேரும் ஒரே சமயத்தில் வைத்தியம் செய்ய வேண்டும். ஒருவர் மட்டும் செய்தால் அது கணவனிடமிருந்து மனைவிக்கும், மனைவியிடமிருந்து கணவனுக்கும் போய்க்கொண்டே இருக்கும். துண்டு, உள்ளாடைகளை ஆளுக்குத் தனியாக வைத்து, துவைத்து, வெயிலில் நன்றாகக் காய வையுங்கள்.

"அந்த இடத்தை எப்படிங்க டாக்டரிடம் காட்டுவது?" என்று தயங்க வேண்டாம். இது ஒழுக்கக் கேட்டால் வந்த நோய் அல்ல. வேர்வையிலும் ஈரத்திலும் வளரும் நோய். முதலில் ஒருவருக்கொருவர் மனம்விட்டுச் சொல்லுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். வரும்போது வீட்டில் இருக்கும் அந்தப் பழைய டியூபையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.