முதியோர் கல்வியும் கவிஞர் கடமையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்து ஆண்டுகளாகத் திங்கள்தோறும் கூடுகின்றோம், கவிதை படிக்கின்றோம், நூல்களைத் திறனாய்கின்றோம். மகிழத்தக்க செயலே. ஆயினும் நம் கவிதைகளில் நாம் பாடும் நடவு மகளிரும் கல்லுடைக்கும் பெண்களும் அக்கவிதையைக் கையில் எடுத்தால் படிக்க இயலுமா? அவ்வினாவையே இன்று என் உரைப்பொருளாகக் கொள்கின்றேன்.

1991ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, தமிழகத்தில் ஏழு வயது நிறைந்த பெண்களில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 51 பேர். 2011இல் அது 73 ஆயிற்று. வளர்ச்சி பெரிது, மறுப்பார் இல்லை. ஆனால் எஞ்சியோரில் பலர், பள்ளிப் பருவத்தில் ஆடு மேய்க்கவும் தம்பி தங்கையரை இடுப்பில் சுமக்கவும் அனுப்பப்பட்டவர்கள். பள்ளிகள் பெருகுவதால் மட்டும் இவர்தம் நிலை மாறாது. இவர்கள் இருக்கும் இடம் தேடிக் கல்வி செல்லுதல் வேண்டும்.

அவ்வாறு செல்ல முடியும் என்பதற்கு நம் புதுக்கோட்டை மண்ணே சான்று. திருமதி ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக விளங்கிய காலத்தில், 1991இல் இங்கு அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஊதியம் பெறாத தொண்டர்கள் மாலை மங்கிய பின் கோயில் மண்டபத்திலும் வீட்டுத் திண்ணையிலும் தெருவிளக்கின் அடியிலும் வகுப்பு நடத்தினர். பெண்கள் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். 1992ஆம் ஆண்டு மகளிர் நாளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டியில் அணிவகுத்து இந்நகர்த் தெருக்களில் வந்தனர். அவர்கள் பாடிய மிதிவண்டிப் பாடலை எழுதியவர் அவ்வியக்கத் தொண்டர் முத்து பாஸ்கரன். ஒரு பாடல் ஒரு மாவட்டத்துப் பெண்களின் வாயில் வாழ்ந்தது. அப்பேறு நம்மில் எத்தனை கவிஞர்க்குக் கிட்டும்?

அறிவொளிப் பாடநூலின் முதற்சொற்கள் 'பட்டா', 'படி' என்பன. அகரத்தில் தொடங்காமல் பகரத்தில் தொடங்கியதன் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். 'அ' வளைந்து சுழலும் எழுத்து. 'ப', 'ட' இரண்டும் நேர்கோடுகளால் ஆனவை. அரிவாளும் மண்வெட்டியும் பிடித்துக் காய்த்த விரலுக்கு நேர்கோடு எளிது. பொருளோ இன்னும் அழுத்தமானது. நிலம் யாருடையது என்று சொல்வது பட்டா. கூலி நெல்லை அளப்பது படி. இரண்டிலும் ஏமாற்றப்பட்டவர்க்கு அச்சொற்கள் வெறும் பாடம் ஆகா.

இங்கே ஒன்று சொல்ல விரும்புகின்றேன். எழுத்தறியாதவரை இலக்கியம் அறியாதவர் என்று கருதுவது பிழை. தொல்காப்பியர் செய்யுளியலில் யாப்பின் வகைகளை எண்ணுமிடத்துப் பாட்டு, உரை, நூல் என்பவற்றோடு பிசியையும் முதுசொல்லையும் உடன் வைத்தார். விடுகதையும் பழமொழியும் அவர்க்கு இலக்கியமே. அவ்விரண்டிற்கும் இன்று உரியவர் யார்? தாலாட்டும் ஒப்பாரியும் கட்டும் நம் ஊர் ஆச்சியரே. கற்பிக்கச் செல்பவர் வெறுங்கலத்தில் நீர் வார்க்கச் செல்வதாக எண்ணலாகாது. ஆச்சி, அத்தை, அக்கா என்று முறை சொல்லி அழைத்து, அருகில் அமர்ந்து, கொண்டும் கொடுத்தும் வருதல் வேண்டும். நடவுக் காலத்தில் வகுப்புக்கு வரவில்லையே என்று சினத்தலும் ஆகாது. அவர்தம் வாழ்க்கைக்கு ஏற்ப வகுப்பே வளைந்து கொடுக்க வேண்டும். நாற்பது கடந்தவர்க்கு எழுத்து மங்கித் தெரிந்தால் அது அறிவின் குறையன்று. கண்ணாடி வாங்கித் தந்தால் தீரும் குறை.

இனி, நெஞ்சை வருத்தும் செய்தி ஒன்று. கற்றவர் பலர் மீண்டும் எழுத்தை மறந்தனர். கைந்நாட்டு ஒழிந்து கையெழுத்து வந்தது. சிலர்க்கு அக்கையெழுத்தே எஞ்சியது. காரணம் அறிய முடியாததன்று. பாடநூல் முடிந்தபின் தொடர்ந்து படிப்பதற்குப் போதிய நூல் அவர்கள் கையில் இல்லை. பெரிய எழுத்தில் சிறுநூல்கள் அந்நாளில் வரத்தான் செய்தன. ஆயினும் வாழ்நாள் முழுமைக்கும் அவை போதுமா? ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய தாயிடம் காக்கையும் நரியும் கதையை நீட்டினால் அவர் அதனை ஏன் படிக்க வேண்டும்?

இவ்விடத்தில்தான் கவிஞர் தேவைப்படுகின்றார். புதிதாகக் கற்றவரின் கண் நீண்ட வரியில் தடம் மாறிவிடும். கவிதையின் வரி குறியது. முன்பு படித்த சொல் மீண்டும் வந்தால் அவர் உள்ளம் மகிழும். பாட்டின் பல்லவி மீண்டும் மீண்டும் வருவது. ஆதலின் அவர்க்குரிய முதல் இலக்கியம் பாட்டே. புணர்ச்சியைப் பிரித்து எழுதுங்கள். அருஞ்சொல்லைத் தவிர்த்து எழுதுங்கள். பொருளை மட்டும் எளிமை என்ற பெயரால் தாழ்த்தாதீர்கள். அவர்கள் சொல்லளவில் புதியவர்கள். வாழ்க்கையளவில் நம்மினும் மூத்தவர்கள்.

நடுவண் அரசு 2022 முதல் 2027 வரை வகுத்துள்ள புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும், 15 வயதுக்கு மேற்பட்டோர்க்குத் தன்னார்வலர் வழியாகக் கற்பிப்பதையே அடிப்படையாகக் கொண்டது. ஆகவே நம் வட்டத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

முதலாவது: உறுப்பினர் ஒவ்வொருவரும் வாரம் இரண்டு மாலைப்பொழுதை அருகிலுள்ள ஒரு வகுப்புக்குத் தருக. பேருந்தின் ஊர்ப்பெயர், நியாயவிலைக் கடையின் ரசீது, வங்கிக் கணக்குப் புத்தகம், மருந்து அட்டையில் உள்ள நாள் ஆகியவற்றைப் பிறர் துணையின்றிப் படிக்கும்வரை ஒருவரையேனும் கைவிடாது கற்பிக்க.

இரண்டாவது: அடுத்த ஆண்டு முதல் நம் வெளியீடுகளில் ஒன்று பெரிய எழுத்தில், புதிய வாசகர்க்கென்றே அமைக.

மூன்றாவது: அவ்வாச்சியர் சொல்லும் விடுகதையையும் தாலாட்டையும் அவர்கள் பெயரிலேயே அச்சிடுக, அதனை அவர்கள் தாமே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கேட்போமாக.

பத்தாண்டுகளாக நாம் ஒருவர் கவிதையை மற்றவர் கேட்டோம். இனி வரும் பத்தாண்டுகளில் நம் அவைக்குப் புதிய வாசகர் வரட்டும். அவருள் புதிய புலவரும் எழட்டும்.