வலியைத் தாங்கிக்கொண்டு கிடக்க வேண்டாம்

(வஹகோட்டை மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று வலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

என் மாமியாருக்கு வாயில் புற்றுநோய். முப்பது வருஷம் வெற்றிலையும் புகையிலையும் போட்டவர். வைத்தியர் மோர்பின் குளிசை எழுதித் தந்தார். அது அபினிலிருந்து எடுக்கிற மருந்து என்று கேள்விப்பட்டுப் பயந்துவிட்டோம். "பழகிப் போயிரும், சீக்கிரம் உயிர் போயிரும்" என்று சொல்லிப் பெட்டிக்குள் வைத்தோம். அவர் கத்தினால் மட்டும் ஒன்று கொடுத்தோம். பக்கத்துக் காம்பராவிலும் தூக்கம் இல்லை.

அடுத்த கிளினிக்கில் மிஸ்ஸி விளக்கமாகச் சொன்னார். வலி வந்த பிறகு கொடுப்பதல்ல, வலி வராமல் மணிக்கணக்குப்படி கொடுப்பதுதான் முறை. சாதாரணக் குளிசை நான்கு மணித்தியாலத்துக்கு ஒன்று. மெதுவாகக் கரைகிற வகை பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று. அதை உடைக்கவோ பொடியாக்கவோ கூடாது. உலக சுகாதார ஸ்தாபனம் 1986இலேயே சொன்ன முறை இது. வலிக்காக, வைத்தியர் சொன்ன அளவில் எடுத்தால் போதைக்கு அடிமையாவது அரிது. சரியான அளவு ஆயுளைக் குறைப்பதும் இல்லை.

அதன்படி கொடுத்தோம். மூன்றாம் நாள் மாமியார் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். கடைசி நாட்களில் பேரப்பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தார். முதல் மாதத்தை மட்டும் நாங்கள் வீணாக்கிவிட்டோம்.

கவனிக்க வேண்டியவை: முதல் சில நாட்கள் மயக்கமும் குமட்டலும் வரலாம், பிறகு குறையும். மலச்சிக்கல் மட்டும் போகாது. அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். சாராயம் கூடாது. திடீரென்று நிறுத்தாதீர்கள். தட்டி எழுப்பியும் எழும்பாமல், மூச்சு மிக மெதுவானால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குளிசையைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். மிஞ்சியதைத் திருப்பிக் கொடுங்கள்.

கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993இல் டாக்டர் ராஜகோபாலும் அவருடைய நண்பர்களும் வலி நிவாரணச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். பிறகு ஊர்க்காரர்களே பயிற்சி எடுத்து, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்தார்கள். லயத்தில் நம்மால் முடியாதா? நோயாளி இருக்கிற வீட்டுக்கு ஒருவர் தினமும் போய், மருந்து நேரத்துக்குக் கொடுக்கிறார்களா என்று பார்க்கலாம்.

கிளினிக்குக் கூட்டிப் போகிறவருக்கு அன்றைய பேர் போகக்கூடாது, வாகனமும் வேண்டும். இதைச் சங்கம் துரையிடம் கேட்க வேண்டும்.

கிளினிக்கில் வைத்தியரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்: "ஐயா, வலி இன்னும் இருக்கு."