மேடேறும்போது கேட்கும் தட்டல்



காலையில் வெட்டிச் சேர்த்த பால் உறையுமுன் ஆலையைச் சென்றடைய வேண்டும். வழியில் லோரி நின்றுவிட்டால் பால் கலத்திலேயே கட்டிபட்டு, தரம் தாழ்ந்த சரக்காகிவிடுகிறது. ஆதலால் இயந்திரம் எழுப்பும் ஓசையை அறிந்துகொள்வது ஓட்டுநர் ஒருவருக்கு மட்டுமே உரிய காரியமன்று. பழைய பெட்ரோல் லோரிகளில் மேடேறுகையில் கேட்கும் தட்டலைப் பற்றியே இன்று நாம் பேசவிருக்கிறோம். டீசல் இயந்திரத்தில் தீப்பொறியே கிடையாது; அதன் தட்டல் வேறு கதை.

சுமையுடன் மேடேறும்போது, ரப்பர் விதைகளைத் தகரக் குவளையில் இட்டுக் குலுக்கினாற்போன்ற ஒலி எழுகிறதா? ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சற்றே எடுத்ததும் அது அடங்குகிறதா? அதைத்தான் மெக்கானிக்குகள் ‘நோக்கிங்’ என்பர். லோரி நிற்கும்போதும் ஓயாமல் டிக் டிக் என ஒலித்தால், அது பெரும்பாலும் வால்வு இடைவெளியால் வருவது.

பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சற்று முன்னரே பிளக்கில் பொறி பறக்க வேண்டும். கலவை எரிந்து பரவச் சிறிது நேரம் பிடிக்கிறதல்லவா? ஆனால் பொறி அளவு மீறி முந்திவிட்டால் அழுத்தமும் சூடும் பெருகுகின்றன. சுடர் இன்னும் எட்டாத மூலையிலுள்ள கலவை தானாகவே ஒரே நொடியில் எரிகிறது. அந்த அதிர்ச்சியே நம் செவியில் விழுகிறது. இதனைப் பொருட்படுத்தாமல் நாள்தோறும் ஓட்டினால் ரிங் உடையலாம், கேஸ்கட் எரியலாம், பிஸ்டனே ஓட்டையாகலாம்.

ஓசை கேட்டதும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிப் பொறியைப் பிந்தச் செய்வோர் பலர். ஓசை அடங்கும், உண்மைதான். ஆனால் வலு குறையும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், ரேடியேட்டர் கொதிக்கும். இதைப் பழுது பார்த்தலென்று நாம் ஒப்பமாட்டோம். நோயை மூடி மறைத்தல் என்றே சொல்வோம்.

முதலில், இயந்திரம் ஆறிய பின்பு, ரேடியேட்டர் நீரையும் விசிறிப் பட்டையையும் பாருங்கள். சூடேறிய இயந்திரம், பொறி நேரம் சரியாக இருந்தாலும் தட்டும். பெட்ரோலைப் பழிக்க அவசரப்பட வேண்டாம். மலேசியாவில் 2009-இல் ரோன் 92-க்குப் பதிலாக ரோன் 95 வந்தது. அழுத்தம் குறைந்த பழைய இயந்திரங்களுக்கு அது போதுமானது. கார்புரேட்டருக்குக் கீழே காற்றுக் கசிவு இருந்து கலவை மெலிந்தாலும் தட்டல் வரும்.

அடுத்தது டிஸ்ட்ரிபியூட்டர். மூடியைக் கழற்றி, ரோட்டரை அது சுழலும் திசையில் விரலால் சற்றுத் திருப்பி விடுங்கள். தானே துள்ளித் திரும்ப வேண்டும். திரும்பாவிடில் உள்ளிருக்கும் எடைக்கட்டிகளின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது அறுந்திருக்கும். அப்போது பொறி வேண்டாத வேளையில் முந்திக்கொள்ளும். பின்னர் பாயிண்ட் இடைவெளியை அளக்க வேண்டும். பழைய லூக்காஸ் வகைகள் பலவற்றில் அது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை. மற்றவற்றுக்கு அந்தந்தக் கையேட்டைப் பார்க்க வேண்டும். இடைவெளி அகன்றாலே பொறி முந்திவிடும் என்பதால், இதைச் சரிசெய்யாமல் நேரத்தைத் தொடலாகாது.

நேரத்தைப் பார்க்க 12 வோல்ட் பல்பு ஒன்று போதும். கியரை நியூட்ரலில் விட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பல்பின் ஒரு கம்பியை டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கக் கம்பி முனையிலும், மற்றதை இயந்திர உடம்பிலும் பொருத்திச் சாவியைத் திருப்புங்கள். ரோட்டர் முதலாம் சிலிண்டரின் கம்பியை நோக்கும்படி, இயந்திரத்தை முன்னோக்கி மட்டுமே கையால் சுற்றிக் கப்பியிலுள்ள குறியைக் கையேடு சொல்லும் அளவிற்குக் கொணருங்கள். அந்த நிலையில்தான் பல்பு பற்ற வேண்டும். முன்னதாகவே பற்றினால் பிடியைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டர் உடலை ரோட்டர் சுழலும் திசையிலேயே மயிரிழை திருப்பி இறுக்குங்கள். சில கப்பிகளில் ரப்பர் வளையம் நழுவிக் குறியே பொய் சொல்வதுண்டு. ஐயம் இருந்தால் பிளக்கைக் கழற்றி, மெல்லிய குச்சி விட்டுப் பிஸ்டனின் உச்சியைச் சோதித்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் சரியாக இருந்து, அதே மேட்டில் மீண்டும் தட்டினால், எரியறையில் கரி படிந்திருக்கக்கூடும். தலையைக் கழற்றிச் சுரண்டுவது பட்டறையின் வேலை. அதுவரை சுமையைக் குறைத்து, மேட்டில் கீழ் கியரிலேயே ஏறுங்கள்.