அடுத்தது நான்
(சங்கத்தின் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் என்னைப் பேசச் சொன்னபோது, நான் பேச்சாளன் இல்லை என்றுதான் முதலில் சொன்னேன். ஏ லெவலோடு படிப்பை விட்டு, பக்டரியில் மெசினோடு நிற்கிற ஆள் நான். மெசினோடு கதைத்துப் பழக்கம், மைக்கோடு பழக்கம் இல்லை. ஆனால் தலைப்பு 'பிள்ளைகளும் வீடியோ கேமும்' என்றவுடன் ஓம் என்று விட்டேன். போன வருடம் இதே மேடையில் ஒரு அண்ணை இந்தக் கேம் சாமான்களை எல்லாம் யன்னலால் தூக்கி எறியுங்கோ என்று சொல்ல, மண்டபமே கை தட்டியது. நானும் இரண்டு பிள்ளைகளின் தகப்பன்தான். அந்த அண்ணைக்கு மறுப்புச் சொல்ல நான் வரவில்லை. இன்றைய கேமுக்கு முந்தியது ஒன்று இருந்தது, காசு போட்டு நின்றபடி விளையாடும் பெரிய பெட்டிகள். அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

இந்தப் பெட்டிகளின் வியாபாரம் 1972 இல் அமெரிக்காவில் சூடு பிடித்தது. அற்றாரி என்ற கம்பனியில் அலன் அல்கோர்ன் என்ற பொறியியலாளர் 'பொங்' என்ற விளையாட்டைச் செய்தார். இரண்டு கோடு, நடுவில் ஒரு பந்து, அவ்வளவுதான். கலிபோர்னியாவில் ஒரு குடிக்கடையில் அதைப் பரீட்சைக்கு வைத்தார்கள். சில நாளில் மெசின் வேலை செய்யவில்லை என்று கடைக்காரர் அறிவித்தார். போய்த் திறந்து பார்த்தால் காசு நிரம்பி வழிந்து, மேற்கொண்டு காசு விழ இடமில்லாமல் நின்றுவிட்டது. எங்கட பக்டரியில் மெசின் நின்றால் நான் இந்தக் கதையைத்தான் நினைப்பேன். அங்கே இதுவரைக்கும் காசு நிரம்பி ஒன்றும் நிற்கவில்லை.

பிறகு 1978 இல் ஜப்பானில் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வந்தது. செய்தவர் தொமோஹிரோ நிஷிகாடோ. மேலே ஐந்து வரிசை, வரிசைக்குப் பதினொன்று, மொத்தம் 55 வேற்றுக்கிரகப் பூச்சிகள் குண்டு போட்டுக் கொண்டு இறங்கி வரும். கீழே உங்களுக்கு ஒரு பீரங்கி, ஒளிந்து நிற்க நாலு காப்பரண். குண்டு பட்டுப் பட்டு அந்தக் காப்பரணும் ஓட்டை விழுந்து கரைந்து போகும். சுடச் சுட மிச்சம் இருப்பவை வேகமாக ஓடும். இந்த வேகம் முதலில் யோசித்து வைத்தது இல்லையாம். 55 ஐயும் ஒவ்வொன்றாக வரைய அந்தக் காலத்துச் சின்ன மூளைக்கு நேரம் எடுத்தது. எண்ணிக்கை குறைய வேலை குறைந்தது, ஓட்டம் கூடியது. நிஷிகாடோ அதைப் பார்த்து, இது நல்லாய் இருக்குது என்று அப்படியே விட்டுவிட்டார். ஒரு கட்டம் முடித்தால் இன்னும் கீழே இருந்து தொடங்குவார்கள். கடைசி வெற்றி என்று ஒன்று அதில் கிடையாது. எவ்வளவு நேரம் தாக்குப் பிடிக்கிறாய் என்பதுதான் கணக்கு.

எங்கட குடும்பம் லண்டன் வந்தது 1997 இல். எனக்கு அப்போது எட்டு வயது. 90 இல் இருந்து கரண்ட் இல்லாத யாழ்ப்பாணம், பிறகு 95 இடப்பெயர்வு, வன்னி, கொழும்பு லொட்ஜ். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட வீடு எங்கடது. வந்த அடுத்த கோடையில் தமிழ் ஆட்கள் ஒரு பஸ் பிடித்து சவுத்எண்ட் கடற்கரைக்குப் போனோம். அம்மா புளிச்சாதம் கட்டினா. கடற்கரை ரோட்டு நீளத்துக்கு இந்தப் பெட்டிக் கடைகள், உள்ளே போனால் கண் கூசுகிற வெளிச்சம். அப்பா எனக்கு இரண்டு பவுண் தந்தார். அந்த நாளில் அவர் பெற்றோல் செட்டில் இரவு முழுக்க நின்று உழைக்கிற காசு. நான் ஒரு மூலையில் இருந்த பழைய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பெட்டியில் காசைப் போட்டேன். அப்பா பின்னால் நின்று பார்த்துக் கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில், 'மேலே இருந்து போடுகிறான், இவன் பங்கருக்குள் நிற்கிறான், பங்கரும் உடையுது. இதைக் காசு குடுத்து வேறு பார்க்க வேணுமோ?' என்று கேட்டார். அம்மா சிரித்தா. அப்பா சிரிக்கவில்லை, வெளியே போய்க் கடலைப் பார்த்துக் கொண்டு நின்றார்.

மனிதரைச் சுடுகிற விளையாட்டு வேண்டாம் என்றுதான் நிஷிகாடோ வேற்றுக்கிரகப் பிராணிகளை வைத்தார் என்று பிறகு வாசித்தேன். அப்பாவிடம் அதைச் சொன்னேன். 'நல்ல மனுசன்' என்றார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

எறியுங்கோ என்று சொல்பவர்கள் நாங்கள் மட்டும் இல்லை. 1981 மே மாதம் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் ஜோர்ஜ் போக்ஸ் என்ற உறுப்பினர், ஸ்பேஸ் இன்வேடர்ஸ் போன்ற மெசின்களை உள்ளூராட்சி சபைகள் கட்டுப்படுத்த வேண்டும் என்று ஒரு சட்டமூலம் கொண்டு வந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் நிற்கிறார்கள், சாப்பாட்டுக் காசைக் கொண்டு போய்ப் போடுகிறார்கள், களவு எடுக்கிறார்கள் என்பது அவர் வாதம். ஆதரவு 94, எதிர்ப்பு 114. இருபது வாக்கில் தப்பிய விளையாட்டு இது. அவர் சொன்னது முழுக்கப் பொய்யும் இல்லை. பெட்டி காசு தின்னத்தான் செய்யப்பட்டது, ஒருவனை மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்க விட்டால் முதலாளிக்கு நட்டம்.

'பாக் மான்' எல்லாருக்கும் தெரியும். 1980 இல் நம்கோ கம்பனியின் தோரு இவதானி செய்தது, அப்போது அவருக்கு 25 வயது. சுடுகிற கேம் என்றால் ஆம்பிளைகள்தான் வருகிறார்கள், பெண்களும் சோடியாய் வருபவர்களும் விளையாட ஒன்று வேண்டும், அதற்குச் சாப்பாடுதான் சரி என்று யோசித்தாராம். சாப்பாட்டை வைத்தால் சனம் வரும் என்பது எங்கட விழாக் குழுவுக்கும் தெரிந்த விசயம். ஜப்பானில் அதன் பெயர் 'பக் மான்'. அமெரிக்காவுக்குக் கொண்டு போகும்போது, முதல் எழுத்தை யாராவது பெடியன் கொஞ்சம் சுரண்டினால் கெட்ட வார்த்தையாகிவிடும் என்று பயந்து மாற்றினார்கள்.

அதில் நாலு பேய் துரத்தும். சும்மா துரத்துகிறது என்று நினைப்போம், ஆனால் நாலுக்கும் நாலு குணம். சிவப்பு நேரே பின்னால் வரும். பிங்க் நீ போகப் போகிற இடத்துக்கு முன்னால் போய் மறிக்கும். நீலம் சிவப்பு எங்கே நிற்கிறது என்று பார்த்துத் தன் பாதையை எடுக்கும். ஒரேஞ் தூரத்தில் இருந்து வீரமாக வந்து, கிட்ட வந்ததும் மூலைக்கு ஓடிவிடும். எங்கட சொந்தக்காரருக்குள்ளும் இந்த நாலு வகையும் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன். இதை எந்தப் பேப்பரும் எங்களுக்கு எழுதித் தரவில்லை. மற்றவன் விளையாடுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் பிடித்தோம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்ததும் இதுதான். எனக்கு இங்கிலீஸ் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பின் வாங்கில் இருந்து சுவரைப் பார்த்த பிள்ளை நான். எங்கட தெரு முனையில் ஒரு மீன் பொரியல் கடையில் 'ஸ்ட்ரீற் பைற்றர் 2' பெட்டி ஒன்று நின்றது. 1991 இல் ஜப்பானின் கப்கொம் செய்தது. ஒரு தடி, ஆறு பொத்தான், எட்டு வீரரில் ஒருவரைத் தெரிந்து இரண்டு பேர் மோதலாம். பின்னேரம் அந்தப் பெட்டியைச் சுற்றி ஒரு சோமாலிப் பெடியன், இரண்டு வங்காளிச் சகோதரர்கள், 99 இல் கொசோவோவில் இருந்து வந்த ஒருவன், பிறகு நான். எங்களில் அரைவாசிப் பேருக்குக் கதைக்கப் பொது மொழி கிடையாது. ஆனால் சட்டம் எல்லாருக்கும் விளங்கும். விளையாட விருப்பமானவன் தன் 20 பென்ஸைத் திரைக் கண்ணாடியின் கீழ் விளிம்பில் வைப்பான். அந்தக் காசுதான் அவன் இடம். தோற்றவன் விலகுவான், அடுத்த காசுக்காரன் வருவான். எவ்வளவு பெரிய உடம்புக்காரன் என்றாலும் அந்த வரிசையைக் குழப்பமாட்டான். வாய் திறந்து நான் சொன்ன முதல் இங்கிலீஸ் சொல் 'நெக்ஸ்ற்'. என் காசைக் காட்டிச் சொன்னேன். சோமாலிப் பெடியன் ஓம் என்று தலை ஆட்டி இடம் விட்டான்.

அந்தக் கேமில் டால்சிம் என்று ஒரு இந்திய யோகி. கழுத்தில் மண்டையோட்டு மாலை, கை கால் ரப்பர் மாதிரி நீளும், வாயால் நெருப்புத் துப்புவார். பள்ளிக்கூடத்தில் என்னை அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள், அன்பாக இல்லை. நான் டால்சிம்மையே எடுத்து விளையாடத் தொடங்கினேன். அவர் மெதுவான ஆள், கஷ்டமான ஆள், கனக்கப் பேர் தொடமாட்டார்கள். ஆனால் தூரத்தில் நின்று கையை நீட்டினால் எதிரிக்குக் கிட்ட வர ஏலாது. ஒரு வருடத்துக்குள் என் காசு கண்ணாடியில் இருந்தால் மற்றவர்கள் பெருமூச்சு விடுகிற அளவுக்கு வந்தேன். பட்டப் பெயர் மாறவில்லை, அதைச் சொல்கிற தொனி மாறிவிட்டது.

என் மகன் என்னை விட நல்லாய் விளையாடுவான். அறைக்குள் இருந்து, காதில் மாட்டிக் கொண்டு, உலகம் முழுக்க ஆட்களோடு. யார் என்று கேட்டால் ஒரு இலக்கமும் எழுத்தும் கலந்த பெயரைச் சொல்வான். முகம் தெரியாது. அடுத்தவனுக்கு இடம் விட வேண்டிய தேவையும் இல்லை. எங்கட பெட்டி மூன்று நிமிடத்தில் போடா என்று அனுப்பிவிடும், இதற்கு முடிவே கிடையாது. எனக்குக் கேமில் கோபம் இல்லை, அந்தத் தனிமையில்தான் கோபம்.

அதனால் ஒரு வேலை செய்தேன். போன வருடம் மூடுகிற ஒரு கடையில் இருந்து பழைய பெட்டி ஒன்று மலிவாக வாங்கினேன். பலகை ஊறி, திரை இருண்டு கிடந்தது. இப்படிப் பழைய பெட்டிக்கு உயிர் கொடுப்பது புதிது இல்லை. 1981 இல் நின்ரெண்டோ கம்பனிக்கு அமெரிக்காவில் 'ராடார் ஸ்கோப்' என்ற பெட்டி சுமார் 2000 விற்காமல் தேங்கியது. ஜப்பானில் சிகெரு மியாமோட்டோ என்ற இளம் ஓவியரைப் புது விளையாட்டு ஒன்று யோசிக்கச் சொன்னார்கள். அதுதான் 'டொங்கி கொங்'. பிறகு அமெரிக்காவில் ஒரு கை விரல் எண்ணிக்கை ஆட்கள் களஞ்சியத்துக்குள் நின்று, அந்தப் பெட்டிகளைத் திறந்து உள்ளே தகட்டை மாற்றிக் கொடுத்தார்கள். அந்தக் கேமில் ஏணி ஏறுகிற தச்சனுக்குப் பிறகு வைத்த மாரியோ என்ற பெயர், அந்தக் களஞ்சியச் சொந்தக்காரரின் பெயர். மியாமோட்டோவை உலகம் அறியும். பெட்டி பெட்டியாகத் திருப்புளியோடு நின்றவர்களை நான்தான் நினைக்கிறேன், எங்கட சாதி அது, பக்டரிச் சாதி.

என் பெட்டியைத் திறந்தபோது தடிக்குக் கீழே நாலு சின்னச் சுவிச் இருந்தன, தள்ளினால் 'டிக்' என்று கேட்கிறவை. எங்கட மெசின் கதவு திறந்தால் ஓட்டத்தை நிற்பாட்டுகிறதும் அதே வகைச் சுவிச்தான். பழுதான இரண்டை மாற்றினேன். பழைய குழாய்த் திரையைக் கரண்ட் கழற்றின பிறகும் கை வைக்கக் கூடாது, உள்ளே உயர் அழுத்தம் தேங்கி நிற்கும். தெரிந்த ஒருவரைக் கொண்டுதான் அதைச் செய்வித்தேன். வீட்டில் யாரும் தனியே முயற்சி செய்யாதேங்கோ. மகன் திருப்புளி பிடித்தான். நாலு சனிக்கிழமை, போன் இல்லாமல்.

பெட்டி இப்போது மண்டபத்தின் பின் கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறது, குழுவினர் அனுமதி தந்திருக்கிறார்கள். காசு தேவையில்லை, ஆனால் காசு ஒன்று கொண்டு வாருங்கோ. அதைக் கண்ணாடி விளிம்பில் வைத்துத்தான் இடம் பிடிக்க வேண்டும், ஆட்டம் முடிய அவரவர் காசை அவரவர் எடுக்கலாம். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் முன்னுரிமை கிடையாது. அப்பாவும் முன் வரிசையில் இருக்கிறார். அவருக்காகப் பாக் மான்தான் போட்டு வைத்திருக்கிறேன். சாப்பாடு முடிய வாருங்கோ.